பையில் வந்த கோப்பை

அரபு நாட்டு வீடொன்றுக்கு நட்புப் பேச வந்த யூதத் தூதர், தம் மத உணவு விதிப்படி சொந்தக் கண்ணாடிக் கோப்பையைப் பையில் கொண்டுவந்திருந்தார். கோப்பைக்கு உள்ளுக்குள் உதறல். வீட்டுக்காரர் மனம் கோணினால் பேச்சே முறிந்துவிடுமே.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே," என்றது காப்பிக் கெண்டியிடம்.

"எங்களுக்கும் ஆகாத சாப்பாடு உண்டு தம்பி," என்று கெண்டி ஊற்றியது.

தூதர் குடித்தார். கெண்டி மறுபடி ஊற்றியது. மரியாதைக்காக மறுபடி குடித்தார். ஏழாவது தடவை கை நடுங்கிக் கோப்பை ஆடியது. கெண்டி உடனே நிறுத்தியது.

"போதும்னா இப்படித்தான் ஆட்டணும்."

"முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே?"

"வந்தவங்ககிட்ட போதுமான்னு எப்படிப்பா கேட்பேன்?"

தூதர் கிளம்பும்போது வீட்டுக்காரர் கோப்பையைத் தம் கையாலேயே கழுவி, அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டைக் காலிசெய்து அதில் வைத்தார். கோப்பை நன்றியோடு அவரைப் பார்த்தது.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றார் தூதரிடம். "அடுத்த தடவை வெறுங்கையோட வாங்க."