பதின்மூன்றாவது ஆடு

ஒரு மலையடிவாரத்தில் பதின்மூன்று ஆடுகள் பயமில்லாமல் மேய்ந்துவந்தன. பக்கத்துக் காட்டு ஓநாய்களோ சமத்துவவாதிகள். சமமாகப் பங்கிட முடியாத மந்தையைத் தொடுவதில்லை என்று சட்டமே வைத்திருந்தன. அவை இரண்டாக வந்து பங்கிட்டுப் பார்த்தன. ஓர் ஆடு மிஞ்சியது. மூன்றாக வந்தாலும், நான்காக வந்தாலும், ஆறாக வந்தாலும் ஓர் ஆடு மிஞ்சியது. மிஞ்சியது யாருக்கு என்று ஒன்றையொன்று கடித்துக்கொண்டு திரும்பிப் போயின.

"பதின்மூன்று எந்தப் பங்கிலும் அடங்காது, தோழர்களே. ஒருவர் குறைந்தால் எல்லாப் பங்கிலும் அடங்கிப்போவோம்" என்று கொம்பன் என்கிற கிடா கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கும்.

ஒருநாள் ஆறு ஓநாய்கள் மாலையோடு வந்தன.

"கொம்பன் ஐயா, உங்கள் அறிவு இந்த மந்தையில் வீணாகலாமா? எங்கள் வன நலக் குழுவுக்கு நீங்கள்தான் ஆலோசகர். தனிக் கொட்டகை, தினமும் அகத்திக்கீரை."

"போகாதீங்கண்ணே. நீங்க போயிட்டா நாங்க பன்னிரண்டு" என்றது ஒரு பெட்டை ஆடு.

"உள்ளே போய் உங்களுக்காகத்தான் போராடப்போகிறேன், தங்கச்சி."

"எதுக்குள்ளேண்ணே?"

கொம்பன் மாலைக்குக் கழுத்தை நீட்டியது.

அன்றைக்கே பங்கீடு முடிந்தது. ஓநாய்க்கு இரண்டு ஆடு. அகத்திக்கீரையை மென்றபடி மேற்பார்வையிட்ட ஆலோசகர், தன் முதல் அறிக்கையை வெளியிட்டார்:

"பங்கீடு முழு நேர்மையோடு நடந்தது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை."