மாதர் பகுதியில் ஒரு தூளி

திண்டுக்கல் கிளை நூலகத்தில் மாதர் பகுதி திறப்பு விழா நடக்கிறது. நிலக்கோட்டை மல்லிகை மாலை முழங்காலில் இடிக்க, குழுத் தலைவர் ஞானப்பிரகாசம் முழங்குகிறார். தாய்மார்களின் கருத்தைக் கேட்டுத்தான் ஒவ்வொரு நாற்காலியும் போட்டிருக்கிறார்களாம். கேட்டது அவர் வீட்டு அம்மாளிடம். அந்த அம்மாளுக்குப் பேரனே கல்லூரி போகிறான். இடுப்பில் சிணுங்கும் பிள்ளையோடு சண்முகவள்ளி உத்திரத்தை அண்ணாந்து பார்க்கிறாள். பிள்ளை தூங்காவிட்டால் இன்றைக்கும் அவளுக்குப் படிப்பு இல்லை. தலைவர் பெயர் பொறித்த மின்விசிறிக்காக அங்கே ஒரு கொக்கி மட்டும் வந்து காத்திருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் நின்ற ரோஸ்மேரி டீச்சரிடம் கொடுத்துவிட்டு, புது நாற்காலியில் ஏறி, பையில் கொண்டுவந்த பழஞ்சேலையைக் கொக்கியில் கட்டுகிறாள். “அது விசிறிக்கு உள்ளதும்மா” என்கிறார் தலைவர். “விசிறி வாரப்ப அவுத்துக்கிறேங்கய்யா. அதுவரைக்கும் சும்மாதான இருக்கு.” பெண்கள் பக்கம் முந்தானைகள் வாயை மூடுகின்றன. பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்ட ஆட்ட, அதன் கண் சொக்குகிறது. “ஆகவே, தாய்க்குலமே...” என்று தலைவர் குரலை உயர்த்துகிறார். “செத்த மெதுவாப் பேசுங்கய்யா, இப்பத்தேன் கண்ணசருது” என்கிறார் டீச்சர். மிச்சச் சொற்பொழிவைத் தலைவர் ரகசியம்போலச் சொல்லி முடிக்கிறார். பிள்ளை முழித்துவிடும் என்று யாரும் கைதட்டவில்லை. தரையில் சப்பணமிட்டிருக்கும் சண்முகவள்ளி, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே, மடியில் விரித்த புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுகிறாள்.