ஆனைக்குட்டிக்கு ஓய்வு

“எடை எவ்வளவு?”

இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததும் நரம்பு கேட்ட முதல் கேள்வி இதுதான். கூட வந்த நண்பன் இடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நரம்பு கிடார் வாசிப்பவன். ஆளும் அப்படித்தான் இருப்பான். இடி டிரம்ஸ். இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழு, ஒரே வேன், ஒரே சண்டை.

“சத்தம் எப்படி இருக்கும்னு கேக்காம எடையைக் கேக்கறியே! ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்தியா, காய்கறி வாங்க வந்தியா?”

“முதுகு வலிடா. பழசோட இனிமே மல்லுக்கட்ட முடியாது.”

இடி பல்லைக் கடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் வண்டி வண்டியாக வரும்.

பழசு என்றால் ஆனைக்குட்டி. பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர், இருபத்தேழு கிலோ. சுவிட்சைப் போட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தால்தான் வால்வு சூடேறிப் பேச ஆரம்பிக்கும். பேசினால் தேன்.

அதை வேனிலிருந்து மேடைவரை சுமப்பது யார்? இடிதான். ஒருமுறை ஆனைக்குட்டி நரம்பின் விரல்மேல் இறங்கி, இரண்டு மாதம் குழுவே வீட்டில் உட்கார்ந்தது. அன்றைக்கு இடி ஒரு சட்டம் போட்டான்: ‘கிடார்க்காரன் கை கனத்தைத் தொடக்கூடாது.’ பதினைந்து வருஷமாக அந்தச் சட்டத்தை அவன் மீற விட்டதில்லை. நரம்பு ஒரு பக்கம் பிடிக்க வந்தால்கூடத் தள்ளிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு போவான்.

இப்போது தூக்காதவனுக்கு முதுகு வலியாம். நோகாமல் நோன்பு கும்பிட்டவனுக்கு!

தூக்குகிறவனுக்கு நெஞ்சு வலி. அதை இடி யாரிடமும் சொல்லவில்லை. ‘தங்கச்சி வீட்டுக்குப் போறேன்’ என்று கிளம்பிய மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிக்கொண்டு வந்திருந்தான். கனம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். குழுவில் சொன்னால் என்ன ஆகும்? மூச்சு வாங்குகிற டிரம்மரை யார் வைத்துக்கொள்வார்கள்? மாத்திரைகளை டிரம்ஸ் குச்சிப் பையின் அடியில் ஒளித்துவைத்துவிட்டு, லிஃப்ட் இல்லாத மாடிகளுக்கு ஆனைக்குட்டியோடு ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது.

விற்பனையாளர் ஒரு பெட்டியைக் காட்டினார். “இது அசல் வால்வு சார். பதினெட்டு கிலோ.”

ஆனைக்குட்டியின் தம்பி மாதிரி இருந்தது. அதைக் கீழே இறக்க இடி கையை நீட்டினான்.

“அதைத் தொடாத!” நரம்பு போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. “கலர் பிடிக்கலை.”

“கறுப்புடா! இங்க எல்லாமே கறுப்புதான்!”

“இந்தக் கறுப்பு பிடிக்கலை.”

அடுத்தது பதினான்கு கிலோ. இடி குனிவதற்குள், “விடு, கைப்பிடி சரியில்ல” என்றான் நரம்பு. ஒன்றையும் வாசித்துப் பார்க்கவில்லை. விற்பனையாளரும் ஏன், என்ன என்று கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. வால்வே கிடையாது, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சில்லு வால்வு மாதிரியே பேசுமாம். நாலரை கிலோ.

“தூக்கிப் பாரு,” என்றான் நரம்பு.

“வாசிக்கறவன் நீ, தூக்கிப் பாக்கறவன் நானா?”

“தூக்குடா. ஒத்தைக் கையால.”

தூக்கினான். நரம்பு பெட்டியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு கிடாரை மாட்டி நாலு வரி வாசித்தான். மோசமில்லை. ஆனால் ஆனைக்குட்டியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஆறின காப்பி.

“அச்சு அசல் வால்வு சத்தம், இல்ல?”

“உன் காது செத்துப்போச்சு. ஆனைக்குட்டியை என்ன பண்ணப் போற?”

“வீட்டு மூலையில உக்காந்து ரிட்டயர் ஆகட்டும். வயசாச்சுல்ல.”

“அதுக்கு வயசாகலைடா. உனக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு. இருபத்திரண்டு வருஷ சத்தத்தை அதுக்காகத் தூக்கிப் போட்டுட்ட.”

நரம்பு பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு, வேனை வாசலுக்குக் கொண்டுவரப் போனான்.

விற்பனையாளர் கட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார். “உடம்பு இப்ப தேவலையா சார்?”

“முதுகு வலி அவனுக்கு. எனக்கில்ல.”

“அவர் முதுகு நல்லாத்தான் சார் இருக்கு. செவ்வாய்க்கிழமை தனியா வந்தாரு. அந்தப் பதினெட்டு கிலோவை அவரே இறக்கிவச்சு ஒரு மணி நேரம் வாசிச்சாரு. விட மனசே இல்ல. அப்புறம் அவரே தூக்கி மேல வச்சுட்டு, ‘நெஞ்சு வலிக்காரன் தூக்கற மாதிரி எது இருக்கு’ன்னு கேட்டாரு. குச்சிப் பையில மாத்திரையைப் பாத்துட்டாராம். நேரா சொன்னா நீங்க ரோஷப்பட்டு இன்னும் ரெண்டு பெட்டி சேத்துத் தூக்குவீங்களாம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னாரு. நீங்க சோம்பேறின்னதும் எனக்கு மனசு கேக்கல.”

வாசலில் ஹாரன் கேட்டது.

இடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை ஒத்தைக் கையால் எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறினான்.

நரம்பு வண்டியைக் கிளப்பாமல் அவனையே பார்த்தான். “நிஜமா சொல்லு. சத்தம் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

இடி பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான்.

“இல்லடா. அப்ப நான்தான் சரியாக் கேக்கல. அப்படியே ஆனைக்குட்டிதான்.”