நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

"'டெட்லைன்'னு சொல்லிட்ட, மொகன்ஸ்! எடு கொடிய!"

யூடித் சொல்லி முடிப்பதற்குள் அலுவலகம் முழுக்கச் சிரிப்பு. மொகன்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட காகிதக் கொடியை எடுத்துத் தன் மேசையில் நட்டுக்கொண்டான். பிறந்தநாள் கொண்டாடுபவர் மேசையில் நிற்க வேண்டிய கொடி. ஒரு மாதமாக அது குற்றவாளிகளின் மேசையில்தான் நிற்கிறது.

"அஞ்சாவது கேக்கு! 'நீ சன்னல் விக்கப் போறியா, இல்ல பேக்கரி வைக்கப் போறியா'ன்னு வீட்ல கேக்குறா."

"'கெடு'ன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்ப. பட்டியல்ல இருபத்தொன்பதாவது வார்த்தை," என்றாள் யூடித்.

டென்மார்க்கின் வைலே நகரத்தில் சன்னல் செய்து விற்கும் கம்பெனியின் அலுவலகம் அது. மொத்தம் பதினைந்து பேர். மீட்டிங், டீம், ஃபீட்பேக், வீக்கெண்ட் என்று பாதிப் பேச்சு ஆங்கிலத்தில்தான் ஓடும். நடுநடுவே ஒட்டுப் போடத்தான் டேனிஷ். போன மாதம், நாற்பது வருடமாகச் சன்னல் வாங்கும் வடக்கத்தித் தச்சர் ஒருவர் கம்பெனி அனுப்பிய கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "சன்னல் பிரமாதம். கடிதம் எந்த ஊர் பாஷை?"

மேலாளர் ப்ரெபெனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷத்துக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் யூடித். அலுவலகத்துக்குள் எல்லாரும் எல்லாரிடமும் டேனிஷில் மட்டுமே பேச வேண்டும். ஆங்கில வார்த்தை வாய் தவறினால் மேசையில் கொடி, வெள்ளிக்கிழமை கேக். ஒரு மாதத்துக்குச் சோதனை.

பட்டியலையும் அவளே தயாரித்தாள். அன்றாடம் புழங்கும் நூற்றுப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் டேனிஷ் சொல், பக்கத்தில் பொருள். மூலை மடங்கிப்போன சொந்த அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிக் கழிப்பறைக் கதவில்கூட ஒட்டிவிட்டாள். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள், டேனிஷில்.

இன்று கடைசி நாள். கேக் சாப்பிட்டதும் வாக்கெடுப்பு. தோற்றால் திங்கட்கிழமை முதல் எல்லாம் பழையபடி. யார் யார் கை தூக்குவார்கள் என்று யூடித் காலையிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இங்கே சேர்ந்த ஒன்பது வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் அவள் ஆசையாக வேலைக்கு வந்திருக்கிறாள். மதியம் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த மீனுமாக எல்லாரும் அளக்கும் ஊர் வம்பை நடுவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அது போய்விடக் கூடாது.

"நீ போய் இதுக்கு இப்படி மல்லுக்கட்டுறியே!" மொகன்ஸ் கேக்கை வெட்டியபடி கேட்டான். மேலே தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் மொறுமொறுவென்று இருந்தன. "உனக்கென்ன வந்துச்சு?"

"காதுக்கு நல்லா இருக்குல்ல?"

"ஒரு மாசமா நீ ஒரு தடவகூட மாட்டல. அகராதியத் தலைக்கு வச்சுத்தான் படுப்பியா?"

"ஆமா. நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போற, அதச் சொல்லு."

"அஞ்சு கேக்கு தண்டம் அழுதவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

ப்ரெபென் எண்ணினான். விதி நீடிக்கட்டும் என்று ஏழு கை. வேண்டவே வேண்டாம் என்று ஏழு கை. மொகன்ஸ் மட்டும் வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு சும்மா நின்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் முறைக்குறீங்க? இப்ப நிறுத்தினா நான் மட்டும் ஏமாளி. நீங்களும் கேக்கு வாங்கி அழுங்கப்பா!" என்று மொகன்ஸ் கையைத் தூக்கினான். "விதி இருக்கட்டும்!"

ஒரே ஆரவாரம். யூடித் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து மொகன்ஸ் பயந்தே போனான்.

ப்ரெபென் காப்பிக் கோப்பையைக் கரண்டியால் தட்டினான். தட்டினால் சொற்பொழிவு நிச்சயம். எல்லாரும் அடங்கினார்கள்.

"நம்ம மொழிக்கு மானத்தத் திருப்பிக் கொடுத்தது யூடித்துதான். ஆனா நாம அவளப் படுத்தின பாடு இருக்கே! இங்கிலாந்துல இருந்து வந்த பொண்ணு. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த டேனிஷ் பேசுறதுக்குள்ள, கஷ்டப்பட வேணாம்னு ஒன்பது வருஷமா நாம எல்லாரும் அவ பாஷையிலதான் பதில் சொல்லுவோம். இந்த ஒரு மாசம் அதுகூடச் செய்யல. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டா. அதனால திங்கக்கிழமையில இருந்து யூடித்துக்கு மட்டும் விதிவிலக்கு. அவகிட்ட எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசணும்!"

கைதட்டலில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"ஐயோ, வேண்டாம் ப்ரெபென்," யூடித் பதறி எழுந்தாள். "என்கிட்டயும் உங்க மொழியிலேயே பேசுங்க. அதுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சேன்." பிசிறில்லாத டேனிஷில்தான் சொன்னாள்.

"நோ ப்ராப்ளம், யூடித்!" என்றார்கள் பதினான்கு பேரும், அன்பாக.