ஜார்ஜ் வீட்டுப் பொண்ணு

எழில்மொழி பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் ஓடி வந்தபோது, என் வீட்டுக்காரர் ஜார்ஜைத் தேடிப் போகவேண்டிய படகு இன்னும் தண்ணீர் ஓரத்திலேயே நின்றிருந்தது.

தள்ளுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். எண்ணெய்க் கேனும் ஏற்றியாகிவிட்டது. சுப்புராயன்தான் குறுக்கே வந்து, எங்கள் வீட்டுக்கும் ஊர்க்கட்டு விழுந்துவிட்டது என்று ஒரு பேச்சைப் போட்டுவிட்டான்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். விடியலில் போன படகெல்லாம் மதியத்துக்குள் கரைக்கு வந்துவிட்டன. ஜார்ஜ் மட்டும் வரவில்லை. எண்ணூர்ப் பக்கம் எது புகை, எது மேகம் என்றே தெரியவில்லை.

சுப்புராயன் சொன்னது பொய் இல்லை. பஞ்சாயத்துத் தீர்ப்பை மீறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான் என்று பரசுராமன் குடும்பத்தை ஊர் தள்ளி வைத்திருக்கிறது. அந்த வீட்டோடு பேச்சு கூடாது. அங்கே பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால், குடித்தவர் வீட்டுக்கும் அதே கட்டு.

நேற்று அந்த வீட்டில் எழில்மொழி டீ குடித்துவிட்டாள்.

எங்கள் குப்பத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய யூனிவர்சிட்டியிலிருந்து வந்த பெண் அவள். தங்கியிருப்பது என் வீட்டில். வந்த புதிதில் நான் மீன் கழுவுவதைக் கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இதில் என்னத்தைப் பார்க்கிறாய் என்று அதட்டினால் சிரிப்பாள். அக்கா என்று கூப்பிட்டவள் எப்போது அம்மாவுக்கு மாறினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தாய் இல்லாமல் ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள். எனக்கோ பெற்றது ஒன்றும் தங்கவில்லை. நான் அவள் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தால், ஆராய்ச்சியெல்லாம் மறந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டீ குடித்ததை அவளேதான் வந்து சொன்னாள். பரசுராமன் பெண்சாதி வேம்பு ஆசையாய்க் கொடுத்தாளாம், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லையாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். யாரோ பார்த்துத் தொலைத்திருக்கிறார்கள்.

கட்டு போட்ட வீட்டுக்காகப் படகில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கடலில் கிடப்பது யாராக இருந்தாலும் சரி. கட்டு என்றால் பேச்சும் தண்ணீரும்தான் என்று எழில்மொழி நினைத்துக்கொண்டிருந்தாள். படகைப் பற்றி அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா என்ன.

ஒரே ஒரு வழி இருந்தது. வெளியாளுக்குக் கட்டு கிடையாது. தபால்காரரும் சிலிண்டர் போடுகிறவரும் பரசுராமன் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தலைவர் வெள்ளத்துரை சின்ன வயசிலிருந்தே ஜார்ஜோடு கடலுக்குப் போனவர். அந்த வழியைத்தான் அவர் அவளுக்குத் திறந்துவிட்டார்.

“டீ குடிச்சே, சரி, அது போவட்டும். நீ ஜார்ஜு வூட்டுப் பொண்ணா, இல்ல வெளியாளா? அத்த மட்டும் சொல்லும்மா.”

அவர் கேட்ட தினுசிலேயே பதில் இருந்தது. வெளியாள் என்பதை அழுத்திச் சொன்னார். படகைப் பிடித்திருந்தவர்கள் தோளைக் கொடுத்துத் தயாரானார்கள். சுப்புராயன் கூட விலகி வழிவிட்டான். அவனுக்கும் ஜார்ஜ் சாக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

எங்கள் பஞ்சாயத்தில் கேள்வி யாரிடமோ அவர்தான் வாய் திறக்க வேண்டும். நடுவில் வீட்டார் பேசினால் அந்தப் பதில் செல்லாது. வண்ணாரப்பேட்டை மீன் மார்க்கெட்டில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அந்த வாயைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியாள் என்று சொல்லடி. சொல்லித் தொலையடி. கண்ணாலேயே அவளிடம் கெஞ்சினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜார்ஜைக் காணோம் என்பது மட்டும்தான் தெரியும். ஊரே கூடி நிற்கிறது, நான் கண்ணில் தண்ணீரோடு அவளையே பார்க்கிறேன்.

மெல்ல அவள் முகம் இளகியது. என்னைக் கைவிட்டுவிடாதே என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டாள்.

“இன்னா நைனா இப்டி கேட்டுட்ட? நான் இந்த வூட்டுப் பொண்ணுதான். எங்கியும் போவ மாட்டேன்.”

இத்தனை மாதத்தில் எங்கள் பேச்சு அவள் வாயில் இவ்வளவு சுத்தமாய் வந்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளத்துரை கண்ணை மூடிக்கொண்டார். படகிலிருந்து முதலில் ஒருவன் கையை எடுத்தான். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன். எண்ணெய்க் கேனை இறக்கி மணலில் வைத்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் மாட்டார்கள்.

எழில்மொழி என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா. நான் கீறேன்ல.”