மூச்சு வாங்கிய கார்

“ஏத்தத்துல மூச்சு வாங்குதும்மா. எவ்வளவு அமுக்கினாலும் ஒரு முக்கல், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். நாடி பார்க்கக் கையை நீட்டப் போகிறார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

நோயாளி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தது. வெள்ளைக் கார், வாங்கி எட்டு மாதம்.

பெரியவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். பணியில் இருந்தவரை கட்டியதெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள்தான் என்றாலும், நகரக்கூடிய எதைப் பற்றியும் அவருக்கு முடிவான கருத்து உண்டு. எல்லாரும் அவரை ‘சீஃப்’ என்றார்கள். அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நோயோடு மருந்தையும் தானே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். த்ராட்டில் கன்ட்ரோலர். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வயரில் செருகிவிட்டால் கார் பறக்கும் என்று பதினோரு வீடியோ பார்த்திருந்தார்.

ஒர்க்‌ஷாப் முதலாளியும் அதே வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாற்பது பெட்டி வரவழைத்துத் தன் மேஜைக்குப் பின்னால் அடுக்கியிருந்தார். அந்த அடுக்கின்மேல் மெக்கானிக் ஓர் அட்டை ஒட்டியிருந்தாள்: ‘இதனால் பவர் ஏறாது.’

மெக்கானிக், முதலாளியின் தங்கை. வயது நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு இன்னும் பாப்பா.

“அட்டையைக் கிழி பாப்பா. சாருக்கு ஒண்ணு மாட்டிவிடு.”

“மாட்ட மாட்டேண்ணே.”

காத்திருந்த நாலைந்து பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

சீஃப் அவளுக்கு விஞ்ஞானம் எடுத்துச் சொன்னார். ‘ரெஸ்பான்ஸ்’ என்ற சொல் ஆறு முறை வந்தது, ஆறு முறையும் வேறு வேறு அர்த்தத்தில். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“சார், நீங்க கால்வாசி அமுக்கினா, முக்கால்வாசி அமுக்கிட்டார்னு இது இன்ஜின்கிட்ட போய்க் கோள் சொல்லும். இதுக்குத் தெரிஞ்ச வேலையே அதுதான். இன்ஜின்ல இல்லாத பலத்தை இது எங்கேருந்து கொண்டு வரும்?”

அண்ணனுக்குக் காது சிவந்தது. ஷெட் தன் பெயரில் இருப்பதையும், பதினைந்து வருடமாக அவளுடைய வாய்தான் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்பதையும் ஒரே மூச்சில் நினைவூட்டினார். வருகிறவர்கள் வருவதே அவளுடைய கைக்காகத்தான் என்பது மட்டும் அவசரத்தில் விட்டுப்போனது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னார். “சார் ஓட்டிட்டு வந்து கார் நல்லா இழுக்குதுன்னு சொல்லிட்டார்னா, வாயை மூடிக்கிட்டு நாப்பதையும் நீதான் மாட்டணும். முடியாதுன்னா, அந்த மெக்கானிக் கோட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு.”

“சொல்லட்டும், பார்க்கலாம்.” பெட்டி ஒன்றை உருவிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

சீஃப் பின்னாலேயே ஓடினார். அந்தக் காருக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. செருப்போடு யாரும் ஏறக் கூடாது. ஷோரூமில் சீட்டுக்குப் போட்டுக் கொடுத்த பாலித்தீன் உறையைப் பிரிக்கக் கூடாது. சொந்தப் பேரப்பிள்ளைகளே ஆனாலும் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும்.

அத்தனைக்கும் தலையாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, அவரை டீ குடிக்க அனுப்பினாள். பெடல் பக்கம் குனிந்து உள்ளே தலையை நுழைத்தவள், கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

கால் மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஓட்டிப் பாருங்க சார்” என்று சாவியை நீட்டினாள்.

சீஃப் பாலத்தில் ஏறி இறங்கித் திரும்பி வந்தார். போகும்போது எழுபது வயதாக இருந்தவர், வந்து இறங்கும்போது ஐம்பதாக இருந்தார்.

“பாலத்துல ரெண்டு பேரை ஓவர்டேக் பண்ணினேன். காலை வெச்ச மாத்திரத்துல எகிறுது” என்றார்.

அண்ணன் செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கேமராவைக் கண்டதும் சீஃப் தலைமுடியைக் கோதிக்கொண்டு, பெயரையும் பழைய பதவியையும் சொல்லி ஆரம்பித்தார். தன் நாற்பதாண்டு அனுபவத்தில் இப்படியொரு கருவியைக் கண்டதில்லை என்றும், இன்ஜினுக்கு மறுபிறவி கிடைத்துவிட்டது என்றும், இதை மறுப்பவர்கள் அடிப்படை விஞ்ஞானம் அறியாதவர்கள் என்றும் ஆறு நிமிடம் பேசினார். நடுவில் தண்ணீர்த் தொட்டிகளும் வந்துபோயின.

கேட்டுக்கொண்டிருந்த பள்ளி வேன் டிரைவர், தன் பழைய வேனை ஒருமுறை பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துவைக்கச் சொன்னார்.

“கேட்டியா பாப்பா?” என்றார் அண்ணன். “நாப்பதையும் மாட்டறியா, இல்ல கிளம்பறியா?”

அவள் கோட்டுப் பொத்தானில் கைவைப்பாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ பைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கம்பெனிக்காரன் ஒட்டிய சீல் கிழியாமல் அப்படியே இருந்தது.

அண்ணன் செல்போனைத் தாழ்த்தினார். சீஃப் பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“அப்போ என் கார்ல என்னத்தைம்மா மாட்டினே?”

“ஒண்ணும் மாட்டலை சார். தரை அழுக்காகாம இருக்கக் கால்மிதி மேட் நாலை ஒண்ணு மேல ஒண்ணா போட்டு வெச்சா பெடல் எங்கே கீழ இறங்கும்? மூணை உருவி டிக்கியில போட்டுட்டேன்.”