அண்ணனுக்குப் புது ஆயில்

நான் பழுது பார்த்த வண்டிகள் பெரும்பாலும் என்னிடம் திரும்பி வருவதில்லை. நன்றாக ஓடுகின்றன என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கிழட்டு டிரக்கைத் தம்பிக்காரன் கொண்டுவந்தான். பாகப்பிரிவினையில் டிரக் அண்ணனுக்கு, கடை இவனுக்கு. மாலையில் கையெழுத்து.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மொத்தத்தையும் மாத்திடுங்க. அண்ணன் பொழப்பே இனி இந்த வண்டியிலதான்."

அடியில் படுத்து நட்டைக் கழற்றினேன். பழைய ஆயில் கரியாக இறங்கியது, பாதி என் சட்டையில். சிவப்பாகப் புது ஆயிலை ஊற்றி முடிக்கும்போது அண்ணன் வந்தார்.

"எனக்காகவாடா மாத்துறே?"

"உனக்குச் செய்யாம வேற யாருக்குண்ணே செய்யப்போறேன்?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னைப் போய்த் தப்பா நெனச்சேனேடா! இவ்வளவு ஆசையா பாத்துக்கிற வண்டிய உங்கிட்டேருந்து பிடுங்கலாமா? வண்டி உனக்கே. கடைய நான் வெச்சுக்கறேன். பத்திரத்த மாத்தி எழுதச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம்ணே!"

"பெரியவன் சொன்னா கேளுடா."

அவர் தலை மறைந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பழைய ஆயிலையே திருப்பி ஊத்திடுங்க!"

"சட்டையப் பிழிஞ்சா ஊத்த முடியும்?" என்றேன். பிறகு காலையில் சொன்னதையே மறுபடி சொன்னேன். "தேஞ்சுபோன கியருக்கு அந்த அழுக்குதான் பிடிமானம். மாத்தினா முதல் மேட்டுலயே வண்டி படுத்துடும்."

காலையில் இதைக் கேட்டு, "அப்படின்னா இன்னிக்கே மாத்துங்க" என்று சிரித்தவன் அவன்தான்.